கிடாவெட்டுக்கு வராத மகன்

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. மதுரையில் வேலை பார்க்கும் என் மகன் பௌத்தனாகிவிட்டான். திருநீறு பூசுவதில்லை. நான் வெளியே போயிருந்த நேரத்தில் கருப்பசாமி படத்தைக் கழற்றிவிட்டு, புத்தரும் அம்பேத்கரும் இருக்கும் படத்தை மாட்டிவிட்டான். குலசாமி கோயில் கிடாவெட்டுக்கு வர மாட்டேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். இது என்ன மதம்? இலங்கையில் நம் சனங்களைக் கொன்றவர்கள் பௌத்தர்கள்தான், இனி எஸ்.சி. சான்றிதழும் செல்லாது என்கிறான் என் தம்பி. நான் கண்ணை மூடினால் எனக்கு யார் காரியம் செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சான்றிதழ் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். பட்டியல் சாதியிலிருந்து பௌத்தத்துக்கு மாறியவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று 1990-இலேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டமும் பௌத்தர்களுக்குப் பொருந்தும்.

இலங்கை பற்றி உங்கள் தம்பிக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்ததை எந்தத் தமிழர் மறப்பார்? தமிழருக்கு ஓரளவு அதிகாரம் தர 1957-இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, அடுத்த ஆண்டே பிரதமர் வீட்டு வாசலில் திரண்டு நின்று கைவிடச் செய்தவர்கள் பிக்குகள். 1959-இல் அதே பண்டாரநாயக்காவைச் சுட்டுக் கொன்றவரும் ஒரு பிக்குதான். இவர்களுக்காக ஒரு சாக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மகன் சேர்ந்திருப்பது இவர்களோடு அல்ல. சாதி இழிவை உதறுவதற்காக அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் தொடங்கிய வழி அது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு நடந்த வழி. அந்த மக்கள் பட்ட அவமானம் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கிருந்தோ வந்த மதம் என்றும் நினைக்காதீர்கள். மதுரைக்காஞ்சியை எடுத்துப் பாருங்கள். பூவும் புகையும் ஏந்தி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த ஊர்ப் பெண்கள் தொழப்போகும் பள்ளி ஒன்று அதில் வருகிறது. அது பௌத்தப் பள்ளி என்கிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். (கீழக்குயில்குடி மலையில் செதுக்கியிருப்பது புத்தரை என்று மகன் சொன்னால் மட்டும் திருத்துங்கள். முக்குடைக்குக் கீழே அமர்ந்திருப்பவர் சமணத் தீர்த்தங்கரர்.)

கறிக்குழம்பு விஷயத்தில் மகன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தனக்காகக் கொன்றதைக் கண்டாலோ, கேட்டாலோ, அப்படி இருக்குமோ என்று ஐயப்பட்டாலோ அந்த இறைச்சியை உண்ணக் கூடாது என்று புத்தர் சொன்னார். பிச்சை ஏற்கும் துறவிகளுக்குச் சொன்ன விதி அது. இல்லறத்தாருக்கு, உயிரைக் கொல்லாதே என்பதுதான் முதல் சீலம். கிடாவெட்டில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு தலையைச் சிலுப்பும்வரை எல்லாரும் காத்து நிற்கிறோம். அந்த இடத்தில் நிற்கத் தன்னால் முடியாது என்கிறார் உங்கள் மகன். நிற்க வேண்டாம். பொங்கல் வைக்க விறகும் தண்ணீரும் சுமக்கட்டும், பெரியவர்களை ஏற்றி இறக்கட்டும். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் கூடும் இடத்துக்கு அவர் வரத்தான் வேண்டும்.

பௌத்தர்களில் இரண்டு விதமானவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நாள் பேசாமல் உட்கார்ந்து தியானம் பழகிவிட்டு வந்து, வீட்டில் பாத்திரம் உருட்டும் சத்தத்துக்கே முகம் சுளிக்கிறவர்கள் ஒரு விதம். இவர்களை என்னால் மதிக்க முடிவதில்லை. சாயங்காலமானால் தெருவிளக்கடியில் பாய் விரித்து, காலனிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும் இளைஞர்கள் இன்னொரு விதம். சாமி இல்லை என்று அவர்கள் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் அவர்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. உங்கள் பிள்ளை எந்த விதம் என்பது பக்கத்தில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். தம்பியிடம் கேட்பதை விட்டுவிட்டு, அவருடைய ஆட்கள் கூடும் இடத்துக்கு ஒரு நாள் நீங்களே போய்ப் பாருங்கள்.

மிச்சத்தை உங்கள் மகனிடமே சொல்லிவிடுகிறேன். இதை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

தம்பி, அம்மா இல்லாத நேரத்தில் படத்தைக் கழற்றியது பெரிய தவறு. உங்கள் படம் உங்கள் அறையில் இருக்கட்டும். கருப்பனை எடுத்த ஆணியிலேயே மாட்டுங்கள். பௌத்தம் ஏற்றவர்களுக்கு அம்பேத்கர் தந்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் சிராத்தமும் பிண்டமும் கூடாது என்று ஒன்று உண்டு. அதனால் பிண்டம் வைக்க மாட்டீர்கள். கொள்ளி வைக்க எந்தத் தடையும் இல்லை. புத்தரின் உடலும் எரியூட்டப்பட்டதுதான். சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்ன பிள்ளையின் கடமைகளில், பெற்றோரைக் காப்பதும், அவர்கள் மறைந்தபின் அவர்கள் பேரால் தானம் செய்வதும் இருக்கின்றன. இதை அம்மா இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது. நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் காலத்துக்குப் பிறகு வருடா வருடம் எங்கே, யாருக்குச் சோறு போட வேண்டும் என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.