வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது, அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்தில் 6 சென்ட் புரையிடமும் (வீட்டு மனை நிலம்) ஓட்டு வீடும் பேசியிருக்கிறோம். 30 வருட வில்லங்கச் சான்றில் ஒன்றுமே இல்லை. அடுத்த வாரம் 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். விற்பவருக்கு அப்பா வழியாக வந்த சொத்து. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

பதிவான பத்திரங்களின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. பதியாத உடன்படி (ஒப்பந்தம்), பதியாத உயில், நீதிமன்றத்தில் நடக்கும் பாகவழக்கு இவையெல்லாம் பெரும்பாலும் அதில் வராது. உங்கள் விஷயத்தில் அது காலியாக இருப்பதே எனக்குக் கவலை தருகிறது. அப்பா இறந்த பிறகு பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ (ஒரு வாரிசு தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எதுவும் பதியவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? அப்படியானால் அந்த வீடு இன்னும் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாகத்தான் கிடக்கிறது.

முதலில் அப்பாவின் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். பட்டா தாத்தா பெயரிலேயே நின்றால் தாத்தாவின் வாரிசு விவரமும் வேண்டும். அதில் பெண்மக்கள் பெயர் இருந்தால், "அக்காவுக்கு அன்றைக்கே சீதனமும் நகையும் கொடுத்து அனுப்பியாச்சு" என்ற பேச்சு கட்டாயம் வரும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இதை ஒரு சட்டம்போலவே சொல்வார்கள். ஒரு காலத்தில் சட்டமாகவும் இருந்தது. 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் கொடுத்த தீர்ப்பு, 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று சொல்லிவிட்டது. அதன்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இந்துக் குடும்பமாக இருந்தாலும், உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு 1956-லிருந்தே சம பங்கு உண்டு.

ஆகவே பத்திரத்தில் அக்கா, தங்கைகளும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். இல்லையென்றால் விற்பவருக்கு அவர்கள் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்த பிறகு வாங்குங்கள். "அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றால், ஒன்றும் சொல்லாதவர்களுக்குக் கையெழுத்துப் போடுவதில் என்ன தடை என்று கேளுங்கள். நாளைக்கு ஒரு சகோதரி பங்கு கேட்டு வழக்குப் போட்டால், அண்ணனோடு நீங்களும் பிரதிவாதி. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார், கோர்ட்டுக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கும் அது அநியாயம்தான். தன் பங்கு விலைபோன விஷயமே அவருக்குத் தெரிந்திருக்காது.

இதெல்லாம் சரியான பிறகு விலை உடன்படி எழுதி, அதைப் பதிந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதைப் பதிவது கட்டாயம். பதிந்துவிட்டால் அது வில்லங்கத்திலும் ஏறும், வேறொருவருக்கு மறுபடி பேசி விற்பது கடினமாகும். அட்வான்ஸ் வங்கி வழியாகவே போகட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் விழலாம்.

முன் ஆதாரம் (சொத்தின் பழைய பத்திரம்) மலையாளத்தில் இருக்கிறது. கொல்லம் 1108 என்று தேதி. எங்களுக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. பட்டா இருக்கிறதே, இது தேவைதானா?

தேவை. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. சொத்து யாருடையது என்பதற்குப் பத்திரங்களின் தொடர்தான் அடிப்படை. 1956 நவம்பர் 1 வரை நம் குமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், நம் ஊர்ப் பழைய ஆதாரங்கள் பல மலையாளத்திலேயே இருக்கின்றன.

கொல்லம் ஆண்டு என்பது மலையாள ஆண்டுக்கணக்கு, ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழி பாதி வரை என்றால் 824-ஐயும், அதற்குப் பிறகு என்றால் 825-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் 1108 என்பது 1932-33. மலையாளம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரிடம் கொடுத்து முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். சாராம்சம் மட்டும் போதாது.

வாசிக்கும்போது மூன்று இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். இது விலை ஆதாரமா (விற்பனைப் பத்திரமா), ஒற்றியா? ஒற்றி என்றால் பணத்துக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்கக் கொடுத்தது, உடைமை கைமாறவில்லை. தொடரின் தொடக்கம் ஒற்றியாக இருந்தால், அதை மீட்டதற்கோ பிறகு விலைக்குக் கொடுத்ததற்கோ தனி ஆதாரம் இருக்க வேண்டும். அடுத்தது சர்வே எண். பழைய ஆதாரத்தில் பழைய சர்வே, இன்றைய பட்டாவில் ரீசர்வே (மறு அளவை) எண். இரண்டும் ஒரே நிலம்தான் என்பதை வருவாய்ப் பதிவேட்டில் ஒப்பிட வேண்டும். மூன்றாவது, நான்கு எல்லை. கிழக்கே ஊடுவழி, தெற்கே இன்னார் வகை புரையிடம், மேற்கே தோடு (சிறு நீரோடை) என்று எழுதியிருப்பார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். தோடு இருந்த இடத்தில் இப்போது மதில் நின்றால், அந்த மதில் புறம்போக்கில் நிற்கிறதா என்று புலப்படத்தை (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வைத்து அளந்தாக வேண்டும். அனந்தனாறு, புத்தனாறு கால்வாய் ஓரங்களில் வீடு வாங்குகிறவர்கள் இதை விடவே கூடாது.

இணையத்தில் வில்லங்கம் ஒரு குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

வீட்டுக்கு 3 அடி நடைவழிதான். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி போக இடம் விடுவார் என்கிறார் விற்பவர்.

பக்கத்து வீட்டுக்காரர் எழுதிப் பதிந்து கொடுக்கட்டும். நம் பக்கம் வீடுகள் தெருவாக அமையாமல் தோப்புக்குள் தோப்பாகக் கிடப்பதால், வழிச் சண்டை போல நீண்ட சண்டை வேறு கிடையாது. வழியின் அகலம், நீளம், வாகனம் போகலாமா என்பது எல்லாம் பத்திரத்தில் வர வேண்டும். வாய்ச்சொல் அந்த மனிதர் இருக்கும்வரைதான் நிற்கும்.

விற்பவர் குவைத்தில் இருக்கிறார். தம்பிக்குப் பவர் (தன் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருக்கிறார். பிரச்சினை வருமா?

முறையாக இருந்தால் வராது. அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக இருக்கிறதா, இடையில் ரத்தானதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் பவரும் போய்விடும். அதனால் பதிவுக்கு முன் அவரிடம் வீடியோவில் பேசுங்கள், பணத்தை அவர் கணக்குக்கே அனுப்புங்கள். பவர் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு "இதுவே விற்பனைதான்" என்றால் நம்பாதீர்கள். அப்படி உடைமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொன்று, வருமான வரி. உள்நாட்டில் இருப்பவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால் 1% பிடித்துக் கட்ட வேண்டும். வெளிநாடுவாழ் விற்பனையாளருக்கு அந்த 50 லட்ச வரம்பும் இல்லை, 1 சதவீதமும் இல்லை. விகிதம் அதிகம். பிடிக்காமல் விட்டால் பொறுப்பு உங்கள் தலையில் வரும். பணம் அனுப்பும் முன் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

பதிவுச் செலவு எவ்வளவு? விலையைக் குறைத்துக் காட்டலாம் என்கிறார் புரோக்கர்.

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய் ஆகும். 10 லட்சம் வரையான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு. விலையைக் குறைத்து எழுதாதீர்கள். பின்னால் தகராறு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது, பத்திரத்தில் எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

குலசேகரம் தாண்டி மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டத்தோடு வீடு மலிவாக வருகிறது.

அந்தச் சர்வே எண் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949-ன் கீழ் அறிவிக்கப்பட்டதா என்று ஆட்சியர் அலுவலகத்திலும் வனத்துறையிலும் கேளுங்கள். அறிவிக்கப்பட்டிருந்தால் மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. மலிவுக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

பதிவு முடிந்துவிட்டது. இனி என்ன?

உட்பிரிவு தேவையில்லாத நிலம் என்றால் பட்டா தானாகவே மாற வேண்டும். மாறிவிட்டதா என்று இணையத்தில் நீங்களே பாருங்கள். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்த பிறகே வரும். அளக்க வரும் நாளில் நேரில் நில்லுங்கள், பக்கத்து நிலத்துக்காரரும் இருக்கட்டும். வீட்டு வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு மூன்றுக்கும் பெயர் மாற்றத் தனித்தனியாக மனுப் போட வேண்டும். பழைய பாக்கி எதுவும் இல்லை என்ற ரசீதுகளை விற்பவரிடம் சாவி வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.