தோழி படகுக்குக் கூப்பிடுகிறாள், போகலாமா?

கேள்வி: என் கல்லூரித் தோழியும் அவள் கணவரும் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு, 38 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறார்கள். இப்போது மலேசியாவின் லங்காவித் தீவில் இருக்கிறார்கள். அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு வா என்று ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாள். இந்த வருடம் சரி என்றோம். உடனே பேச்சு மாறிவிட்டது. "தேதியைச் சொல்லு, ஆனால் அன்றைக்கு நாங்கள் லங்காவியில் இருப்போமா, தாய்லாந்துப் பக்கம் போயிருப்போமா என்று இப்போது சொல்ல முடியாது" என்கிறாள். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல். சூட்கேஸ் கொண்டுவராதே, அட்டைப்பெட்டி வேண்டாம், தினமும் தலைக்குக் குளிக்க முடியாது, கழிவறையில் டிஷ்யூ போடக்கூடாது... விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு இப்படி யாராவது சட்டம் போடுவார்களா? நாங்கள் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லையோ? நான், கணவர், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார் என ஐந்து பேர். எனக்கு ஊட்டி பஸ்ஸிலேயே வாந்தி வரும். செலவுக்கு எவ்வளவு கொடுப்பது என்றும் தெரியவில்லை.
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி உங்களை ஆசையாகத்தான் கூப்பிடுகிறார். வேண்டாம் என்று நினைப்பவர் பட்டியல் அனுப்பமாட்டார், "இந்த வருடம் கொஞ்சம் வேலை இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். உட்கார்ந்து அத்தனையும் எழுதியிருக்கிறார் என்றால், நீங்கள் படகுக்குள் நடமாடுவதை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

முதலில் அந்தத் தேதி, இடம் விவகாரம். படகில் குடியிருப்பவர்கள் உலகம் முழுக்கத் தங்கள் விருந்தாளிகளிடம் சொல்லும் பேச்சு அது: தேதியைத் தேர்ந்தெடு, அல்லது இடத்தைத் தேர்ந்தெடு, இரண்டையும் கேட்காதே. இதில் பிகு எதுவும் இல்லை. பாய்மரப் படகின் வேகம் மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல், அதாவது சைக்கிளில் நிதானமாகப் போகிற வேகம். லங்காவியிலிருந்து தாய்லாந்தின் ஃபுக்கெட் 120 கடல் மைலுக்கு மேல். வழியில் தீவு தீவாக நின்று போனால் பல நாள் ஆகும். நடுவில் இன்ஜினில் ஒரு பம்ப் போனால் உதிரி பாகம் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். விசா நாள் தீர்ந்தால் நாடு மாற வேண்டும். இதற்கு நடுவில் "24ஆம் தேதி காலை விமான நிலையத்தில் நிற்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டால், காற்று சரியில்லாத நாளிலும் அந்த வாக்குக்காகக் கிளம்பத் தோன்றும். கடலில் பல விபத்துகள் இப்படித் தேதியைத் துரத்திப் போனதில் நடந்தவை. உங்கள் தோழி அந்த வாக்கைக் கொடுக்காமல் இருப்பது உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

உங்களுக்கோ தேதியை மாற்ற வழியில்லை. அரையாண்டு விடுமுறை என்பது டிசம்பர் கடைசியில் ஒன்பது, பத்து நாள். ஆகவே இடத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. கோலாலம்பூர் வரைக்கும் மட்டும் இப்போது டிக்கெட் போடுங்கள். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து லங்காவியும் சரி, ஃபுக்கெட்டும் சரி, ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். அந்த இரண்டாவது டிக்கெட்டைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, தோழி எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு எடுங்கள். பண்டிகைச் சமயம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடலாம். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, இரண்டு நாட்டுக்குமே அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவுக்கு வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். ஒன்று மட்டும் வேண்டாம்: லங்காவியில் ஏறித் தாய்லாந்தில் இறங்கும் யோசனை. நாடு விட்டு நாடு போகும்போது குடிநுழைவு, சுங்கம், துறைமுகம் என்று ஒவ்வொரு அலுவலகமாகப் படகின் கேப்டன் ஏறி இறங்க வேண்டும், படகில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரும் அதில் ஏறும். ஒன்பது நாள் விடுமுறையில் இரண்டு நாள் அதற்கே போய்விடும்.

டிசம்பர் அங்கே நல்ல காலம். நமக்கு மழை கொட்டுகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் மலேசியாவின் கிழக்குக் கரையையும் நனைக்கிறது. லங்காவி மேற்குப் பக்கம், மலைகளுக்கு அந்தப்புறம் இருப்பதால் அங்கே வானம் தெளிந்து கடல் அடங்கியிருக்கும். சுற்றிலும் சின்னச் சின்னத் தீவுகள். ஒன்றின் மறைவிலிருந்து இன்னொன்றின் மறைவுக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். வாந்தி வரும் உங்களுக்கு இதைவிடச் சாதுவான கடல் கிடைப்பது கஷ்டம்.

வாந்தியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊட்டி பஸ்ஸுக்குப் போடும் அவோமின் மாத்திரையே கடலுக்கும் ஆகும், ஆனால் குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. படகு கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். படகு ஓடும்போது வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். போனைப் பார்க்காதீர்கள், உள்ளே போய்ப் பை தேடாதீர்கள். சுக்கானைக் கொஞ்ச நேரம் உங்களிடம் தரச் சொல்லுங்கள். கார் ஓட்டுகிறவருக்கு வாந்தி வருவதில்லையே, அதே கணக்கு இங்கேயும்.

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. தெரிந்துகொண்டால் கோபம் போய்விடும்.

தண்ணீர்தான் தலையாய விஷயம். 38 அடிப் படகில் நல்ல தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் முந்நூறு, நானூறு லிட்டர். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் பாதிகூட இல்லை. அவர்கள் இரண்டு பேரும் அதை வாரக்கணக்கில் ஓட்டுவார்கள். ஏழு பேர் நம் ஊர் வழக்கப்படி குளித்தால் இரண்டு நாளில் காலி. கடல்நீரை நன்னீராக்கும் கருவி இருந்தாலும் அது மின்சாரத்தைக் குடிக்கும். சதுப்புநிலக் காட்டுப் பக்கம் சேறு கலங்கிய தண்ணீரில் அதை ஓட்டவும் மாட்டார்கள், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, படகில் குழாயைத் திறந்தால் தரைப்பலகைக்கு அடியில் ஒரு சின்ன பம்ப் 'கர்ர்ர்' என்று ஓடும். நீங்கள் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பல் தேய்த்தாலும் உங்கள் தோழிக்கு அது கேட்கும். சொல்லமாட்டார், ஆனால் மனதுக்குள் லிட்டரை எண்ணிக்கொண்டிருப்பார். அங்கே குளியல் எப்படி என்றால், படகின் பின்பக்கப் படியில் இறங்கிக் கடலில் ஒரு முழுக்கு, சோப்பு, மறுபடி ஒரு முழுக்கு, கடைசியில் உப்புப் போக ஒன்றிரண்டு லிட்டர் நல்ல தண்ணீர். பிள்ளைகள் இதை விட்டு வரமாட்டார்கள் பாருங்கள். பெரியவர்களுக்குத்தான் முதல் நாள் சங்கடமாக இருக்கும்.

தலைமுடி விஷயத்தில் தோழி சொல்லத் தயங்கியதை நான் சொல்கிறேன். குளியலறைத் தண்ணீர் தானாக ஓடிப்போகாது, அதற்கும் ஒரு பம்ப். நீளமான முடி இரண்டு இழை சுற்றிக்கொண்டால் அது நின்றுவிடும், எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் இன்னும் மோசம். தலை வாருவதை வெளியே காற்றுக்கு முதுகு காட்டி நின்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குளியல் ஊருக்கு வந்து.

கழிவறைக்கு ஒரே விதி: வயிற்றின் வழியாக வராத எதுவும் அதற்குள் போகக்கூடாது. பல படகுகளில் கையால் அடிக்கிற பம்ப், குழாயின் அகலம் மூன்று விரல் தடிமன்கூட இராது. அடைத்துக்கொண்டால் வெளி ஆள் யாரும் வரமாட்டார், உங்கள் தோழியின் கணவர்தான் கிறிஸ்துமஸ் அன்று முட்டி போட்டு அதைக் கழற்ற வேண்டும். உங்கள் எட்டு வயதுப் பிள்ளைக்குப் போன உடனே எப்படி அடிப்பது, எத்தனை தடவை என்று தோழியையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அம்மா சொன்னால் மறக்கும், மாமா அத்தை சொன்னால் நினைவிருக்கும்.

சூட்கேஸ் வேண்டாம் என்பது வைக்க இடமில்லாததால். துணிப்பை என்றால் காலி செய்து சுருட்டிவிடலாம். அட்டைப்பெட்டியின் மடிப்புகளில் கரப்பான் முட்டை வரும். மரச்சாமான் நிறைந்த படகில் கரப்பான் புகுந்தால் விரட்டி மாளாது.

சமையலைப் பற்றி அவர் எழுதவில்லை போலிருக்கிறது, நீங்களாகவே பார்த்து நடந்துகொள்ளுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடிவயிற்றில் போய்த் தங்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அடுப்பை அணைத்த கையோடு வால்வையும் மூடுவார்கள். அது தெரியாமல் "நான் ஒரு காபி போடுகிறேன்" என்று உள்ளே போய்விடாதீர்கள், முதலில் கேளுங்கள். கடுகு வெடிக்கத் தாளித்தால் அந்த வாசனை மெத்தையில் ஒரு வாரம் இருக்கும். குக்கரில் ஒரு சாம்பார் சாதம், ஒரு பொரியல், போதும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் கொண்டுபோனால் கொண்டாடுவார்கள். அரிசி, பருப்பு சுமக்க வேண்டாம், லங்காவியின் குவா நகரில் நம் கடைகள் உண்டு. கறிவேப்பிலை, பழம், இறைச்சி போன்றவற்றை விமானத்தில் எடுத்துப்போய்ச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மாமியார் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: படகில் தங்கவைக்காதீர்கள். கரையிலிருந்து படகுக்கு டிங்கி என்கிற குட்டி ரப்பர் படகில் போக வேண்டும். அது ஆடும்போதே படகின் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும், அப்புறம் உள்ளே இறங்க நாலைந்து செங்குத்துப் படி. முழங்கால் வலிக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் அது தண்டனை. 38 அடியில் வழக்கமாக இரண்டு, மிஞ்சினால் மூன்று அறை, அறை என்றால் மெத்தை மட்டும். ஏழு பேர் அதில் ஒன்பது நாள் என்பது நட்பைச் சோதிக்கிற வேலை.

என் யோசனை இது. கரையில் ஒரு அறை ஒன்பது நாளுக்கும் எடுத்துவிடுங்கள். அதில் மூன்று இரவு மட்டும் நீங்களும் பிள்ளைகளும் படகில். உங்கள் கணவர் அம்மாவோடு இருக்கட்டும், மனமிருந்தால் ஒரு ராத்திரி நீங்கள் மாறிக்கொள்ளுங்கள். படகு மெரினாவுக்கு, அதாவது இந்த மாதிரிப் படகுகள் வாடகை கொடுத்து நிற்கும் சின்னத் துறைக்கு, வந்து மேடையை ஒட்டி நிற்கிற நாளில் மாமியாரை அழைத்துப்போய் வெளியே நிழலில் உட்காரவைத்து ஒரு டீ கொடுக்கலாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் மெரினாக்களில் பல நாட்டுப் படகுக்காரர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டுவந்து கூடிச் சாப்பிடுவதுண்டு. அங்கே உங்கள் மாமியார் சுட்டுக் கொடுக்கும் மெதுவடைக்கு இருக்கப்போகும் கிராக்கியை நினைத்துப் பாருங்கள்.

மூன்று இரவு குறைவில்லை. தாயாங் பூந்திங் தீவில் கடலை ஒட்டியே ஒரு நன்னீர் ஏரி இருக்கிறது, பிள்ளைகள் உப்பில்லாத தண்ணீரில் ஆட்டம் போடலாம். கிலிம் பக்கம் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே சதுப்புநில ஓடைகள். லங்காவிக்கு 2007இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா அந்தஸ்து கிடைத்தது இந்த மாதிரிப் பாறைகளுக்காகத்தான். அங்கே குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், பிஸ்கட் பாக்கெட்டை மறையுங்கள். எங்கே குளிக்கலாம் என்பதை மட்டும் தோழியிடம் கேட்காமல் பிள்ளைகளை இறக்காதீர்கள். அந்தக் கடலில் ஜெல்லி மீன் உண்டு, சில வகை ஆபத்தானவை. முழுக்கை நீச்சல் உடை வாங்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் ஒன்று நடக்கும், பயப்படாதீர்கள். இரண்டு மணிக்குத் தோழியின் கணவர் டார்ச்சோடு மேலே போவார். நங்கூரம் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்துவிடுவார். தினமும் நடப்பதுதான். அதே மாதிரி நங்கூரம் போடும் பத்து நிமிடம் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் கத்திக்கொண்டால் சமாதானம் செய்யப் போகாதீர்கள். முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் ஒருவர், நடுவில் இன்ஜின் சத்தம், கத்தாமல் கேட்காது. அது உண்மையான சண்டையாகவே இருந்தாலும் நீங்கள் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

பணம்: தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள். தோழிக்கு மனம் வருந்தும் என்பது ஒரு பக்கம். கட்டணம் வாங்கி ஆள் ஏற்றினால் அது வாடகைப் படகு ஆகிவிடும், சொந்த உபயோகத்துக்கான இன்ஷூரன்ஸ் அதற்குச் செல்லாது என்பது இன்னொரு பக்கம். மளிகைக் கடையில் பில்லை நீங்கள் கட்டுங்கள். டீசல் போடும்போது முந்திக்கொள்ளுங்கள். மெரினாவில் ஒரு இரவு நிற்கிற வாடகை உங்களுடையதாக இருக்கட்டும். இதையெல்லாம்விட அவர்கள் மறக்காத பரிசு ஒன்று உண்டு: உங்கள் ஓட்டல் அறைக்கு இருவரையும் கூப்பிட்டு, அழுக்குத் துணியையும் கொண்டுவரச் சொல்லி, வெந்நீரில் ஆசை தீரக் குளிக்கவிடுங்கள். அலங்காரப் பொருள், குத்துவிளக்கு, ஃபோட்டோ ஃபிரேம் எதுவும் வேண்டாம். சாக்லேட்டும் தேவையில்லை, லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு, அங்கேயே மலிவு.

இன்றைக்கே தோழிக்கு ஒரு பதில் போடுங்கள். "தேதி இது, இடம் உன் இஷ்டம். மூன்று ராத்திரி படகில், மீதி கரையில். பட்டியல் புரிந்தது. இங்கிருந்து என்ன உதிரி பாகம் வாங்கி வரட்டும்?" அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வேகமாக வரும், லக்கேஜில் இரண்டு கிலோ ஒதுக்கி வையுங்கள். அப்படியே இன்னொன்றும் கேளுங்கள்: எட்டு வயதுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் படகில் இருக்கிறதா என்று. பிள்ளைகள் இல்லாத படகில் பெரியவர்கள் அளவு மட்டும்தான் இருக்கும். இல்லை என்றால் உங்கள் பிள்ளையின் எடையைச் சொல்லி முன்கூட்டியே ஒன்று வாங்கிவைக்கச் சொல்லி, அந்தக் காசை மட்டும் மறக்காமல் கையில் கொடுத்துவிடுங்கள்.