வெண்கலப் பதக்கம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பதக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. மேலே ‘பர்மா 1885-7’ என்று ஒரு பட்டை. ரிப்பன் இல்லை. நாணயக் கடை ஒன்றில் காட்டினேன். ‘அசல் வெள்ளியில்தான் இருக்கும், இது வெண்கலம், போலி’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விளிம்பில் கிறுக்கல் போல ஏதோ இருக்கிறது. புளி போட்டுத் துலக்கினால் தெரியுமா? எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டாளத்தில் இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

எஸ்., வேலூர்

அன்புள்ள எஸ்.,

தயவுசெய்து புளி போடாதீர்கள். நீங்கள் கிறுக்கல் என்று நினைப்பதுதான் அந்தப் பதக்கத்தின் உயிர். நான் பார்த்த ஒரு வீட்டில், வெள்ளிப் பதக்கம் ஒன்றைப் பொங்கலுக்குப் பொங்கல் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். விளிம்பில் இரண்டு எழுத்துகள்தான் மிச்சம். அது யாருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வெண்கலம் என்பதாலேயே போலி என்று சொன்னது தவறு. 1854இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம் இது. நாற்பது ஆண்டுகள் பதக்கம் ஒன்றேதான். போருக்குப் போர் பட்டை மட்டும் மாறியது. பர்மாப் பட்டையிலிருந்துதான் வெண்கலமும் வந்தது. துப்பாக்கி பிடித்தவர்களுக்கு வெள்ளி. அவர்களோடு போன டோலி தூக்கிகள், தண்ணீர் சுமந்தவர்கள், துப்புரவு செய்தவர்கள், வண்டியோட்டிகள் ஆகியோருக்கு வெண்கலம். காயம்பட்டவனைத் தோளில் சுமந்து காட்டைக் கடந்தவனுக்கு ஒரு படி தாழ்ந்த உலோகம் போதும் என்று முடிவு செய்த அரசு அது. எனக்கு இன்றும் அது பொறுக்கவில்லை. ஆனால் வெள்ளிப் பதக்கங்கள் பலவும் உருக்கும் கடைக்குப் போய்விட்டன. உருக்கினால் காசு தேறாது என்பதால் வெண்கலம் பெட்டிக்குள் தப்பிக் கிடந்தது.

இப்போது கையில் எடுத்துப் பாருங்கள். குறுக்களவு 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பின்பக்கம் சிறகுள்ள வெற்றித் தேவதை, உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு மாலை சூட்டுகிறாள். அவர்கள் காலடியில் தாமரைப் பூவும் இலைகளும். அளவு குறைந்தால் யாரோ விளிம்பை அரத்தால் ராவி, பழைய பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் வெட்டியிருக்கலாம். இந்தத் தொழிலில் பெரிய ஏமாற்று அதுதான்.

பெயரைப் படிக்க அறையை இருட்டாக்கி, டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் சேர்த்தெழுதும் சாய்வெழுத்தில் ஆங்கிலத்தில் வெட்டியிருப்பார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் ‘சாமி’ நடுவே ஒரு டபிள்யூ வரும், திகைக்க வேண்டாம். பெயரோடு வேலையும் இருக்கும். சி, ஓ, எம், எஸ், டி என்று தெரிந்தால் அது கமிசேரியட், அதாவது படைக்கு உணவும் பண்டமும் கொடுத்த துறை.

பட்டாளத்தில் யாரும் இல்லை என்கிறீர்கள். சிப்பாயாக இல்லாமலும் போயிருக்கலாம். 1885 நவம்பரில் பர்மாவின் தலைநகர் மண்டலேயைப் பிடித்த பிரிட்டிஷ் படையில் சென்னை ராணுவத்தின் ரெஜிமெண்டுகள் இருந்தன. தளபதி பிரெண்டர்காஸ்டே மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் அதிகாரிதான். பர்மாவின் தீபா மன்னரைச் சிறைப்பிடித்து முதலில் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள், பிறகுதான் ரத்னகிரி. மன்னர் போன பிறகும் கிராமம் கிராமமாகச் சண்டை நடந்தது. பட்டையில் 7 என்ற எண் இருப்பது அதனால்தான்.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பதக்கம் பெற்றவர்களின் பட்டியல்கள் இருக்கின்றன. வெறும் பெயரை வைத்துத் தேடினால் நூறு ராமசாமிகள் வருவார்கள். வேலையும் துறையும் தெரிந்தால்தான் ஆளைப் பிடிக்கலாம். டார்ச் வெளிச்சத்தில் விளிம்பைச் சுற்றி ஏழெட்டுப் படங்கள் எடுத்து அனுப்புங்கள். தேய்ந்துபோன எழுத்துகளையும் விடாதீர்கள்.