டீச்சரைக் கேளுங்கள்

கேள்வி: ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சமூகச் செயல்பாட்டை எப்படிக் கற்றுக்கொடுப்பது? பதாகை என்றாலே பெற்றோர் பயப்படுகிறார்கள்.
- ஓர் ஆசிரியை, பட்டர்வொர்த், மலேசியா

பதில்: பதாகையை விடுங்கள். பள்ளிக்கு வெளியே அடைத்துக்கொண்ட கால்வாய் ஒன்று இருக்குமே (எங்கேதான் இல்லை?), அதைப் பிள்ளைகள் படம் எடுக்கட்டும். மழையில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்கட்டும். அப்புறம் மாநகர் மன்றத்துக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம். திருத்துகிறேன் என்று நீங்களே எழுதிவிடாதீர்கள், பிழையோடு போகட்டும். பதில் வராவிட்டால் மறுபடி எழுத வையுங்கள். பாதிப் பாடம் அங்கேதான்.

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்: வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தம் 2019இல் நாடாளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. நடைமுறைப்படுத்துவது தள்ளிப்போனதும் இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 டிசம்பரில் அமலுக்கு வந்தது.