பின் அசையவில்லையா? சுத்தியலைக் கீழே வையுங்கள்

1911 ரகக் கைத்துப்பாக்கியை (பிஸ்டல்) முழுசாகப் பிரிப்பவர்கள் கேட்டவை இவை. பதிலுக்கு முன்னால் ஒன்று: மேகசினைக் கழற்றி, மேலே நகரும் பகுதியான ஸ்லைடை இழுத்து, சேம்பர் (தோட்டா ஏறி நிற்கும் அறை) காலியா என்று கண்ணால் பாருங்கள், விரல் விட்டும் பாருங்கள். தோட்டா அந்த அறையிலேயே வேண்டாம்.

கேள்வி: மெயின்ஸ்பிரிங் ஹவுசிங்கைப் (கைப்பிடியின் பின்புறத்தில் ஹேமரின் ஸ்பிரிங் அடங்கிய கூடு) பிடித்திருக்கும் பின் அசையவே மாட்டேன் என்கிறது. பெரிய சுத்தியல் எடுக்கலாமா?

வேண்டாம். ஹேமர் (துப்பாக்கியின் பின்னால் உள்ள அடிக்கும் பகுதி) ஏற்றிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்பிரிங் முழு பலத்தோடு அந்தப் பின்னை நெருக்கிக்கொண்டிருக்கும். குழப்பம் என்னவென்றால், கட்டைவிரல் சேஃப்டியை (கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு) உருவ ஹேமர் ஏறியிருக்க வேண்டும். ஹவுசிங்கைக் கழற்ற இறங்கியிருக்க வேண்டும். அதனால் ஹேமரை ஏற்றி, சேஃப்டியைப் பாதி தூக்கி, லேசாக ஆட்டி உருவிவிடுங்கள். அப்புறம் ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்தபடி விசையை அழுத்தி, ஃபிரேமில் மோதாமல் மெல்ல இறக்குங்கள். இனி பஞ்ச் என்ற பின் தள்ளும் கம்பியைக் கையால் அழுத்தினாலே பெரும்பாலும் பின் வந்துவிடும். அதன் ஒரு முனையில் சின்னக் குழி, மறுமுனை உருண்டை. எது எந்தப் பக்கம் இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஹேமர் பின், சியர் (ஏறிய ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) பின் எந்தப் பக்கமாக வரும்?

இரண்டுக்கும் தலை இடப்பக்கம். வலமிருந்து இடமாகத் தள்ளுங்கள். இடமிருந்து அடித்தால் தலை ஃபிரேமில் முட்டும், அவ்வளவுதான். 1983இல் வந்த கோல்ட் நிறுவனத்தின் சீரீஸ் 80 வகையில் இந்தப் பின்களிலேயே இரண்டு சின்ன லீவர்களும் மாட்டியிருக்கும். கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆணியால் தட்டலாமா?

கூடாது. முனை தட்டையான பஞ்ச், பித்தளைச் சுத்தியல், துளையிட்ட மரக்கட்டை. போதும்.

கேள்வி: ஹவுசிங்குக்குள்ளேயே குறுக்காக ஒரு குட்டிப் பின் இருக்கிறதே?

அதுதான் வில்லன். வழக்கமான மெயின்ஸ்பிரிங் 23 பவுண்டு. அதன் மூடியை அடக்கி வைத்திருப்பது அந்தக் குட்டிப் பின் மட்டுமே. முதல் தடவை நான் மூடியை அழுத்தாமலே பின்னைத் தட்டினேன். மூடி அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. காந்தத்தைக் கயிற்றில் கட்டித் துழாவி எடுத்தேன். நல்லவேளை, கண்ணாடி போட்டிருந்தேன். முறை இதுதான்: ஹவுசிங்கை வைஸில் நிறுத்துங்கள், தாடைகளுக்கு நடுவே தோல் கொடுங்கள். மூடியைக் கம்பியால் கீழே அழுத்தினால் பின் தளர்ந்து ஆடும். அப்போது மெல்லிய பஞ்சால் தள்ளிவிட்டு, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் இதைத் தொடவேண்டியதில்லை.

கேள்வி: எஜெக்டர் (சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும் துண்டு) பின்? பிளஞ்சர் குழாய் (சேஃப்டியை நிலையில் நிறுத்தும் ஸ்பிரிங் உள்ள சின்னக் குழாய்)?

உடைந்தால் ஒழிய எஜெக்டரை விட்டுவிடுங்கள். குழாயில் பின்னே கிடையாது. அது ஃபிரேமோடு ரிவிட் அடித்தது.

கேள்வி: திரும்ப மாட்டும்போது சியரும் டிஸ்கனெக்டரும் (ஸ்லைடு மூடாதபோது விசையையும் சியரையும் பிரித்துவைக்கும் துண்டு) ஒரே நேர்க்கோட்டில் நிற்க மறுக்கின்றன.

எல்லாருக்கும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்தே உள்ளே இறக்கி, வலப்பக்கத் துளை வழியாக மெல்லிய பஞ்சை நுழைத்துத் துளைகளை நேராக்குங்கள். இடமிருந்து சியர் பின் நுழைய நுழைய பஞ்ச் தானாக வெளியே வரும். எல்லாம் மாட்டியதும், காலித் துப்பாக்கியில் ஹேமரை ஏற்றி, ஸ்லைடைக் கால் அங்குலம் பின்னுக்கு இழுத்துப் பிடித்து விசையை அழுத்துங்கள். ஹேமர் விழக்கூடாது. விழுந்தால் மறுபடி பிரிக்க உட்காருங்கள்.