தரவுத்தள மென்பொருளுக்குப் புதியவர்: அவருக்கான ஆவணங்களை எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: போஸ்ட்கிரஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் மேல் கட்டிய ஓப்பன் சோர்ஸ் தரவுத்தள மென்பொருள் ஒன்றுக்கு ஆவணங்கள் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஏற்கெனவே 60 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. இன்ஸ்டால் செய்வது, கட்டளைகள், அமைப்புகள் எல்லாமே எழுதியிருக்கிறோம். ஆனாலும் புதிதாக வருபவர்கள் முதல் நாளே திணறுகிறார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தொடக்கநிலைப் பக்கங்களை எந்த வரிசையில் அடுக்குவது? தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லையும் நாங்களே சொல்லித்தர வேண்டுமா?

பதில்: வரிசையைப் பிறகு பார்ப்போம். முதலில், "புதியவர்" என்று நீங்கள் சொல்வது யாரை? உங்கள் வாசலுக்கு மூன்று விதமானவர்கள் வருவார்கள். தரவுத்தளம் என்பதையே இப்போதுதான் தொடுகிறவர் ஒருவர். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் போன்ற வேறு தரவுத்தளங்களில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு உங்கள் மென்பொருளுக்கு மட்டும் புதியவர் இன்னொருவர். மூன்றாமவர் குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) எழுதவே வரவில்லை; சர்வரை நிறுவிப் பராமரிக்க வந்திருக்கிறார். இந்த மூவரையும் ஒரே "தொடங்குங்கள்" பக்கத்துக்குள் அனுப்பினால் மூவருமே தொலைந்து போவார்கள். முகப்பில் மூன்று வரி போதும்: நீங்கள் இவரானால் இங்கே போங்கள். உங்கள் பக்கங்களில் பாதிச் சிக்கல் இதிலேயே தீரும் என்று நினைக்கிறேன்.

ஆவணங்களை வகை பிரிக்க டேனியேல் ப்ரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் முறை நன்றாகக் கைகொடுக்கும். கைபிடித்து நடத்தும் பயிற்சி, ஒரு வேலையை முடிக்கும் வழிமுறை, தேடிப் பார்க்கும் குறிப்பேடு, ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம் என நான்கு வகை. நான்கையும் ஒரே பக்கத்தில் கலப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. டேபிள் உருவாக்கும் முதல் பாடத்திலேயே அந்தக் கட்டளையின் எல்லா விருப்பங்களையும் அடுக்கிவிடுவோம். எதையும் விட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான் காரணம். படிப்பவரோ எது அவசியம், எது பிறகு என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடுவார். பயிற்சிப் பக்கம் கையேட்டின் சுருக்கம் அல்ல, வேறு வகை எழுத்து. குறிப்பேட்டில் எதையும் விடக் கூடாது. பயிற்சியில் துணிந்து விட வேண்டும்.

போஸ்ட்கிரஸ்கியூஎல்லின் அதிகாரபூர்வ ஆவணங்களைத் திறந்து பாருங்கள். முதல் பாகமே பயிற்சி, மூன்றே அத்தியாயம். அதில் வரும் வானிலை டேபிளில் ஊர், குறைந்த வெப்பம், அதிக வெப்பம், மழை அளவு, தேதி என ஐந்தே நெடுவரிசைகள். பின்பற்ற வேண்டிய அளவு இது. மூன்றாம் அத்தியாயத்தில், ஒரு டேபிள் இன்னொன்றின் நெடுவரிசைகளைப் பெறும் டேபிள் மரபுரிமையும் வருகிறது. அதை மட்டும் நான் தொடக்கப் பாடத்தில் வைக்க மாட்டேன்.

எஸ்க்யூஎல் சொல்லித்தர வேண்டுமா என்றால், ஆம், ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய அளவு. அதற்கு மேல் அது உங்கள் வேலை இல்லை. அந்த ஒரு மணி நேரத்தின் உயிர், மாதிரித் தரவில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வரிசைகள் கொண்ட பெரிய மாதிரியைக் கொடுக்காதீர்கள். விடை சரியா என்று கண்ணாலேயே எண்ணிப் பார்க்கும் அளவில் இருக்கட்டும். ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம்: 4 உறுப்பினர்கள், 6 புத்தகங்கள், 5 இரவல்கள். இதில் வேண்டுமென்றே இரண்டு மேடுபள்ளங்களை வையுங்கள். ஓர் இரவலில் திரும்பிய தேதி காலியாக, அதாவது நல் (NULL) ஆக இருக்கட்டும். ஓர் உறுப்பினர் ஒரு புத்தகமும் எடுக்காதவராக இருக்கட்டும்.

இனி, "இன்னும் திரும்பாத புத்தகம் எது?" என்று கேளுங்கள். புதியவர் 'திரும்பிய தேதி = நல்' என்று எழுதுவார். எரர் வராது, பூஜ்யம் வரிசைகள் என்று மட்டும் வரும். தரவு அழிந்துவிட்டதோ என்று பதறுவார். நல் என்பது ஒரு மதிப்பு அல்ல, தெரியாதது. தெரியாததை எதனோடு சமன் செய்தாலும் விடையும் தெரியாததே, அதனால் 'இஸ் நல்' என்று கேட்க வேண்டும் என்பதை அந்த இடத்தில் சொன்னால் ஆயுளுக்கும் மறக்காது. தனிப் பக்கம் போட்டு "நல் மதிப்புகள்" என்று தலைப்பு வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டாவது மேடு, இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயினுக்கு. சாதாரண ஜாயின் போட்டால் புத்தகம் எடுக்காத உறுப்பினர் பட்டியலிலிருந்தே காணாமல் போவார். லெஃப்ட் ஜாயின் போட்டால் திரும்ப வருவார். ஒவ்வொருவரும் எத்தனை இரவல் என்று எண்ணச் சொல்லுங்கள். கவுன்ட்டுக்குள் நட்சத்திரக் குறி போட்டால் அவருக்கு 1 என்று வரும், ஏனென்றால் அவருடைய வரிசை ஒன்று இருக்கிறது. இரவல் எண் நெடுவரிசையைக் கொடுத்து எண்ணினால் 0 வரும். நாலே உறுப்பினர் என்பதால் முதல் விடை தவறு என்று அவரே கண்டுபிடிப்பார். ஆயிரம் பேர் இருந்தால் தவறான அறிக்கை அப்படியே மேலே போயிருக்கும்.

டெலீட் கட்டளையைச் சொல்லித்தருவதற்கு முன், மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்து உறுதி செய்யவோ ரத்து செய்யவோ உதவும் டிரான்ஸாக்‌ஷனைச் சொல்லிவிடுங்கள். பல பாடங்களில் அது கடைசியில் வருகிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 'பிகின்' போட்டு, 'வேர்' (WHERE, எந்த வரிசைகள் என்று சொல்லும் நிபந்தனை) இல்லாமல் இரவல் டேபிளை அழித்து, ஐந்து வரிசையும் போனதைப் பார்த்து, 'ரோல்பேக்' போட்டு மீட்டெடுத்த ஒருவருக்கு அந்தக் கட்டளை மேல் பயமும் இருக்கும், மரியாதையும் இருக்கும். நார்மலைசேஷன், இண்டெக்ஸ், விண்டோ ஃபங்ஷன் போன்ற அடுத்த கட்டத் தலைப்புகள் எல்லாம் அந்த ஒரு மணிக்குள் வேண்டாம்.

தரவை டேபிள்களாக அடுக்கும் உறவு மாதிரியை எட்கர் காட் 1970இல் முன்வைத்த வரலாறு அருமையானது. அதை விளக்கப் பகுதியில் வையுங்கள். நான் எழுதிய முதல் பயிற்சியில் இன்ஸ்டாலுக்கும் முன்னால் அதைத்தான் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோது, ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை; கீழே கீழே நகர்த்திக் கட்டளையைத் தேடினார்கள். அன்றே எடுத்துவிட்டேன்.

அந்த நாளில் இன்னொன்றும் கண்டேன். அவர்களில் ஒருவர் கட்டளையைச் சரியாக அடித்தார், முடிவில் அரைப்புள்ளி வைக்கவில்லை. திரையில் => என்றிருந்த குறி -> என்று மாறியது; வேறு எதுவும் நடக்கவில்லை. அவர் அதே கட்டளையை மறுபடி அடித்தார். அரைப்புள்ளியும் வைத்தார். இரண்டும் ஒட்டிக்கொண்டு சின்டாக்ஸ் எரர் வந்தது. பத்து நிமிடம் போனது. அந்தக் குறி "இன்னும் முடிக்கவில்லை, காத்திருக்கிறேன்" என்று சொல்கிறது. மேற்கோள் குறியை மூடாமல் விட்டால் '> என்று காட்டும். இந்த இரண்டு வாக்கியம் எங்கள் பயிற்சியில் எங்குமே இல்லை. எழுதுகிறவருக்குப் பழகிப்போனதால் கண்ணில் படுவதே இல்லை.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எரர் பக்கம்தான் மருந்து. தலைப்பை உங்கள் சொல்லில் வைக்காமல், திரையில் வருவதை எழுத்துக்கு எழுத்து அப்படியே வையுங்கள். புதியவர் அதைத்தான் காப்பி செய்து தேடுவார். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வந்தால் சர்வர் ஓடுகிறதா, போர்ட் 5432தானா. 'ரோல் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' வந்தால், கணினியில் நீங்கள் யாரோ அதே பெயரில் தரவுத்தளத்துக்குள்ளும் பயனர் இருப்பதாக அது நினைத்துக்கொள்கிறது. 'பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்' வந்தால் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். 2022இல் வந்த போஸ்ட்கிரஸ்கியூஎல் 15ஆம் பதிப்பிலிருந்து, புதிதாக உருவாக்கும் தரவுத்தளத்தின் பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்கள் வழக்கமாகப் போய்ச் சேரும் பகுதியில்) எல்லோரும் டேபிள் உருவாக்க முடியாது. அதற்கு முன் எழுதிய பாடங்கள் பல இந்த இடத்தில் உடைகின்றன. உங்கள் 60 பக்கத்திலும் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

வேறு தரவுத்தளத்திலிருந்து வருகிறவருக்குப் பயிற்சியே வேண்டாம். வித்தியாசங்களின் பக்கம் ஒன்று போதும். மைஎஸ்க்யூஎல்லில் இரட்டை மேற்கோளுக்குள் சரம் எழுதிப் பழகியவர் இங்கே அதை எழுதினால், அந்தப் பெயரில் நெடுவரிசை இல்லை என்று எரர் வரும். ஆரக்கிளில் வெற்றுச் சரமும் நல்லும் ஒன்று. இங்கே வேறு வேறு. ஆரக்கிள் மேற்கோளிடாத பெயர்களைப் பெரிய எழுத்தாக்கும், இது சிறிய எழுத்தாக்கும். சர்வர் பார்த்துக்கொள்பவருக்கு நிறுவல், பேக்கப், மீட்டெடுப்பு, அந்த வரிசையிலேயே.

இருக்கும் பக்கங்களை அழிக்க வேண்டாம். ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு வகையில் இது எது என்று எழுதுங்கள். இரண்டு வகை எழுத வேண்டி வந்தால் அந்தப் பக்கத்தைப் பிரியுங்கள். பயிற்சியில் உள்ள கட்டளைகளை மட்டும் ஒரு ஸ்கிரிப்ட்டாக எடுத்து, ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் முன்னால் ஒன்றுமே நிறுவாத கணினியில் ஓட்டிப் பாருங்கள். அடுத்து சேரும் புதியவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் கை நிற்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டு, அவர் எழுந்து போனதும் முதல் குறிப்புக்கான பக்கத்தைத் திறந்து திருத்தத் தொடங்குங்கள்.