மிஸ்ட் இறங்குகிற ஊரில் குவில்ட் துணிக்கு எதால் கோடு போடுவது?

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறேன். முதல் முறையாக ஒரு குவில்ட் (மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வை) தைக்கிறேன், மேல்துணி பாதி வெள்ளைக் காட்டன், பாதி கருநீலம். தையல் ஓட வேண்டிய கோட்டை வரைய ஊதாப் பேனா, நீலப் பேனா, சாக், இஸ்திரி போட்டால் மறையும் பேனா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை வாங்கினால் கடைசியில் தடமே இல்லாமல் போகும்?

பதில்:

ஊதாப் பேனாவை, அதாவது காற்றுப் பட்டே தானாக மறைகிற வகையை, மட்டும் இப்போதைக்கு வாங்காதீர்கள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் குன்னூர்க்காரி. 12 வருடமாக வீட்டிலேயே குவில்ட் தைக்கிறேன், அதில் முதல் மூன்று வருடம் இந்தப் பேனாக்களிடம் ஏமாந்ததிலேயே போனது. சமவெளியில் இருப்பவர்கள் போடும் வீடியோவைப் பார்த்து வாங்குகிறோம், அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை, ஆனால் அவர்கள் வீட்டு ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வருவதில்லை.

ஒரு ஐப்பசி அடைமழையில் சிங்கிள் கட்டில் அளவுக்கு ஒரு வெள்ளை மேல்துணியைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டு, ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு ஊதாப் பேனாவால் இரண்டு இன்ச் டைமண்ட் கட்டம் போட உட்கார்ந்தேன். முடிக்கும்போது மணி பன்னிரண்டரை. காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தால் ஜன்னல் பக்கத்துப் பாதி வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, அலமாரிப் பக்கத்துப் பாதியில் மட்டும் கத்திரிப்பூ நிறத்தில் வெளிறிய கோடு. வீட்டுக்காரரிடம் "துணியத் தண்ணியில நனைச்சீங்களா?" என்று சண்டைக்கே போய்விட்டேன். பேனா உறையில் இரண்டு மூன்று நாள் நிற்கும் என்று போட்டிருந்தது.

காரணம் பின்னால்தான் புரிந்தது. பள்ளிக்கூட லேபில் பினாப்தலீன் போட்டதும் காரத்தில் இளஞ்சிவப்பாகும், அமிலம் விட்டால் நிறம் போய்விடும், நினைவிருக்கிறதா? ஊதாப் பேனா மையும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் சேர்ந்து மையின் காரத்தன்மையைத் தின்றுவிடும், நிறம் போய்விடும். ஈரம் அதிகமானால் வேலை வேகமாக நடக்கும். மாசி பங்குனி வறட்சியில் அதே பேனா என் வீட்டில் ஒன்றரை நாள் நின்றது. இன்னொன்று, மை துணியை விட்டுப் போவதில்லை, நிறம்தான் போகிறது. சோப்புத் தண்ணீரும் காரம்தானே, அது பட்டால் சில சமயம் திரும்பத் தலைகாட்டும். அதனால் மறைந்த பிறகும் வெறும் தண்ணீரில் ஒரு தடவை அலசிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் தைத்து முடிக்கிற சின்ன வேலைக்கு மட்டும் ஊதா சரி.

ஆகவே நான் இப்போது பேனாவை எடுத்தவுடன் கேட்பது, எவ்வளவு பளிச்சென்று எழுதும் என்பதை அல்ல, இதை எது அழிக்கும் என்பதைத்தான். தண்ணீரா, சூடா, காற்றா, தேய்ப்பா? அந்த அழிக்கும் சாமான் என் கையில் இருக்கிறதா, இல்லை வானத்தின் கையில் இருக்கிறதா? அப்புறம், நான் தைத்திருக்கும் துணி அதைத் தாங்குமா?

வெள்ளைத் துணிக்கு நீலப் பேனா நல்லது, தண்ணீரில் அழிகிற வகை. நம் ஊர் ஈரத்தில் அதுவும் கொஞ்சம் வெளிறும், ஆனால் ஊதா மாதிரி ஒரே ராத்திரியில் ஓடிப்போகாது. ஆனால் இதற்கு ஒரு கண்டிப்பான முறை உண்டு, அதை மீறியவள் நான். நாத்தனார் மகளுக்குக் குழந்தை பிறந்த சமயம், தொட்டிலுக்கு ஒரு சின்னக் குவில்ட். தைத்து முடித்து, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்தேன், நீலம் மாயமாக மறைந்தது, சந்தோஷம். காயப் போட்டால் மறுநாள் அங்கங்கே நீலம் மறுபடி எட்டிப் பார்க்கிறது. மேலே அடித்த தண்ணீர் மையைக் கழுவி வெளியே அனுப்பவில்லை, உள்ளே இருக்கும் பஞ்சுக்குள் இறக்கிவிட்டது. காயக் காய ஈரத்தோடு சேர்ந்து அது மேலே ஏறி வந்துவிட்டது. சரி, இன்னொரு தடவை அடித்தேன். வெளியே விடாத மழை, பெயர் வைக்கும் விழாவுக்கு மறுநாள் கிளம்ப வேண்டும், துணி காய்கிற வழியாக இல்லை, ஈரத்தோடு இஸ்திரிப்பெட்டியை வைத்துத் தேய்த்துவிட்டேன். தேய்க்கத் தேய்க்கக் கோடு பழுப்பாகிறது, டீக்கறை மாதிரி. அது இன்றுவரை போகவில்லை. குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், அந்தக் குவில்ட்டைப் பொம்மைக்குப் போர்த்துகிறாள்.

அதனால் நீலப் பேனா என்றால் சூடு படவே கூடாது, கோடு முழுக்கப் போகும்வரை. இஸ்திரி மட்டும் இல்லை, வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டு வைப்பதும் சூடுதான். கழுவும்போது முதல் தண்ணீர் வெறும் பச்சைத் தண்ணீராக இருக்க வேண்டும், சோப்போ பவுடரோ கூடாது, அதிலும் மை பிடித்துக்கொள்ளும். குவில்ட் முழுவதும் மூழ்கும்படி பக்கெட்டில் போட்டு அரை மணி ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. அது காய்ந்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் சோப்பு, அதற்கும் பிறகுதான் இஸ்திரி.

உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கருநீலத் துணி. அது சாயம் விடுகிற துணியாக இருந்தால் ஊறவைத்த பக்கெட்டிலேயே வெள்ளைப் பாதி நீலமாகிவிடும், பேனாக்கோடு போன சந்தோஷம் அத்தோடு சரி. சிவப்புச் சுங்குடியை வெள்ளையோடு சேர்த்துத் தைத்த ஒரு தடவை எனக்கு ரோஸ் கலர் குவில்ட் கிடைத்தது. வெட்டுவதற்கு முன்பே துணியை ஊறவைத்து அலசி எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

இஸ்திரியில் மறையும் பேனா பற்றி நிறையப் பேர் ஆகா ஓகோ என்கிறார்கள். அது முதலில் காகிதத்தில் எழுதி அழிக்கச் செய்தது, துணிக்காக இல்லை. மைக்குள் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளுக்குள் சாயமும் அதற்கு நிறம் கொடுக்கிற பொருளும் இருக்கின்றன. சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடானால் இரண்டும் பிரிந்து நிறம் போய்விடும். இங்கும் அதே கதைதான், மை துணியிலேயே இருக்கிறது. மைனஸ் 10க்குக் கீழே குளிர்ந்தால் நிறம் திரும்ப வர ஆரம்பிக்கும், மைனஸ் 20 வாக்கில் முழுதாக வந்துவிடும். ஊட்டியில் மார்கழி தையில் புல்மேல் உறைபனி விழும்போதும் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் நம் ஊர்க் குளிரைப் பற்றிப் பயமில்லை. ஆனால் கனடாவில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு அனுப்பிய குவில்ட் ஒரு ஜனவரி முழுவதும் அவர்கள் கார் டிக்கியில் கிடந்திருக்கிறது. அண்ணி வீடியோ காலில் அதை விரித்துக் காட்டி, "ஏம்மா, இந்த நீலக் கோடெல்லாம் டிசைனா?" என்று அப்பாவியாகக் கேட்டார். இஸ்திரி போடுங்கள் அண்ணி என்று சொல்லிச் சமாளித்தேன். கருந்துணியில் இதைத் தொடவே தொடாதீர்கள். பல கருந்துணிகளில் நிறம் போன பிறகு கோடு வெளுப்பாக நிற்கும், சலவைக்காரர் பிளீச் சிந்தின மாதிரி.

இனி கருநீலப் பாதி. இதற்குக் காசே செலவு செய்ய வேண்டாம். மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்த ஒரு டெய்லர், அவரிடம் போய் வெள்ளை மார்க்கிங் பென்சில் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு, மிஷின் டிராயரைத் திறந்து தேய்ந்துபோன வெள்ளைக் குளியல் சோப்பின் ஒரு சில்லை எடுத்து நீட்டினார். "இதை வச்சுதான்மா நான் கோட் சூட்டுக்கெல்லாம் மார்க் பண்றேன், துவைச்சா அதுவே போயிரும், அழுக்கையும் கூட்டிட்டுப் போயிரும்." விளிம்பு கத்தி மாதிரி மெலிந்திருந்தது. கருநீலத்தில் ஒரு இழுப்பு இழுத்தார், நூல் பிடித்தது போல வெள்ளைக் கோடு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோப்பு கடைசி வரைக்கும் தேய்வதில்லை, பாதியில் என் தையல் டப்பாவுக்கு வந்துவிடும். ஒன்றே ஒன்று, கிரீம் சேர்த்த வழவழ சோப்பு வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். வாரக்கணக்கில் காற்றாட வைத்து நன்றாகக் காய்ந்த சில்லுதான் கோடு போடும். நம் மழைக்காலத்தில் அது இளகி வழுக்கும், கொஞ்சம் அரிசி போட்ட தனி டப்பாவில் வையுங்கள்.

சாக் வாங்குவதாக இருந்தால் வெள்ளை மட்டும். சிவப்பு, நீலச் சாக்கெல்லாம் சில துணியில் சாயமாகவே ஒட்டிக்கொள்ளும். கடையில் முக்கோணமாக விற்பதில் இரண்டு வகை உண்டு, மண்கட்டி வகை, மெழுகு வகை. நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பொடி உதிர்ந்தால் மண்கட்டி, வழித்துக்கொண்டு வந்தால் மெழுகு. மெழுகுச் சாக்கின் மேல் இஸ்திரிப்பெட்டி பட்டால் உருகி எண்ணெய்க்கறையாக இறங்கிவிடும். மண்கட்டிச் சாக்கில் குறை என்னவென்றால் துணியைப் புரட்டப் புரட்ட உதிர்ந்துவிடும். அதனால் முழுவதும் வரைந்து வைக்காமல், அன்றைக்குத் தைக்கப்போகும் ஒரு முழம் அளவுக்கு மட்டும் வரைந்துகொண்டு போவேன்.

கோடே போடாமல் தப்பிக்கவும் வழி இருக்கிறது, எனக்கு இதுதான் பிடித்தமானது. ஜப்பானியர்களிடம் ஹெரா என்று ஒரு மழுங்கின விளிம்புக் கருவி, துணியை அழுத்தி இழுத்தால் நிறமில்லாத மடிப்புத் தடம் விழும், துவைத்தால் போய்விடும். நான் அதற்குப் பதில் வெண்ணெய்க் கத்தியின் முதுகை வைத்து இழுக்கிறேன், காட்டனில் நன்றாக விழுகிறது, பாலியஸ்டர் கலந்த துணியில் விழாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டால்தான் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, அடித்துணிக்குக் கட்டம் போட்ட லுங்கியைப் போடுங்கள். குவில்ட்டைக் கவிழ்த்துப் போட்டு லுங்கிக் கட்டத்தின் மேலேயே தைத்துக்கொண்டு போனால் மேலே நேர்க்கோடு தானாக விழும், அழிக்க ஒன்றுமே இருக்காது. இதில் எல்லாம் நாம் கற்றுக்குட்டிகள்தான். ஊட்டிப் பக்கத்துத் தோடர் பெண்கள் புத்துக்குளி என்கிற தங்கள் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலைக்கு ஒரு கோடு கூட வரைவதில்லை, முரட்டு வெள்ளைத் துணியின் இழையை விரலால் எண்ணி எண்ணியே போடுகிறார்கள். 2013ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. ஒரு அம்மா எண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், பேசிக்கொண்டே எண்ணுகிறார், எனக்கு மௌனமாக இருந்தாலே பத்துக்கு மேல் தப்பிவிடும்.

வளைவு டிசைன் வேண்டுமென்றால் கோலம். புள்ளி மட்டும் வைத்துவிட்டுச் சிக்குக் கோலத்தைக் கண்ணாலேயே சுற்றிக்கொண்டு வரலாம், கை பழகியவர்களுக்குக் கோடு எதற்கு? டிரேஸ் பேப்பரில் ஊசியால் ஓட்டை போட்டு, அதைத் துணிமேல் வைத்து, மெல்லிய துணியில் முடிந்த சாக்பொடியால் ஒற்றி எடுத்தால் புள்ளி அத்தனையும் ஒரே நிமிடத்தில் விழும். ஆரி வேலைக்காரர்கள் மண்ணெண்ணெயில் ஜிங்க் பொடி கலந்து தடவுவது இதே முறைதான், ஆனால் குவில்ட்டுக்கு மண்ணெண்ணெய் வாடை எதற்கு, உலர்பொடி போதும்.

பென்சில் பற்றி ஒரு வரி. தையலுக்குள் மறைந்துபோகிற இடம், அதாவது துண்டுகளை வெட்டி இணைக்கும்போது பின்பக்கம் போடும் கோடு, அதற்கு 2எச் பென்சில் தாராளமாகப் போதும். மேல்பக்கம் வேண்டாம், என்னிடம் ஒரு தலையணை உறை இருக்கிறது, வருடக்கணக்கில் துவைத்தும் பென்சில்கோடு அப்படியே. மாஸ்கிங் டேப் ஒட்டி ஓரமாகத் தைப்பதும் நேர்க்கோட்டுக்கு நல்ல வழி, அன்றன்றைக்கே உரித்துவிட வேண்டும், விட்டுவைத்தால் பசை துணியோடு தங்கிவிடும்.

எதை வாங்கினாலும் நீங்கள் தைக்கப்போகும் அதே துணி, அதே பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஒரு முழ நீளத் துண்டு தைத்து, அதன்மேல் எல்லாவற்றாலும் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் அப்படியே மாட்டி வையுங்கள், கோடு பழசானால் எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் முதல் குவில்ட் யாருக்கும் ஒரு வாரத்தில் முடிவதில்லை. பிறகு மூன்றாக வெட்டி ஒன்றை ஊறவையுங்கள், ஒன்றுக்கு இஸ்திரி, ஒன்றை இஸ்திரி போட்ட பிறகு நெகிழிப் பையில் சுற்றி ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்தில் துணி இருப்பதைப் பார்த்து வீட்டில் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும்.

உங்கள் குவில்ட்டுக்கு என் கணக்கு: வெள்ளைப் பாதிக்கு நீலப் பேனா, கருநீலப் பாதிக்குச் சோப்புச் சில்லு. ஆனால் கடைக்குப் போவதற்கு முன் கருநீலத் துணியில் ஒரு துண்டை வெள்ளைக் கைக்குட்டையோடு சேர்த்து ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் கைக்குட்டை நீலமாக இருந்தால் பேனாவை விட்டுவிட்டு வெண்ணெய்க் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள்.